யூலியுஸ் ஹிர்ஷ்: பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆட்டக்காரர்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உலகக் கோப்பை நெருங்கினால், பிரேசில், அர்ஜென்டினா ரசிகர்களுக்குப் போட்டியாக ஜெர்மனி ரசிகர்களும் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். ஆனால் அவர்களில் யூலியுஸ் ஹிர்ஷைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

1892இல் ஆகெர்ன் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹிர்ஷ், 1902இல் சிறுவனாகவே கார்ல்ஸ்ருவே கால்பந்து கிளப்பில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலேயப் பயிற்சியாளர் வில்லியம் டவுன்லி பந்தைக் குறுகிய தூரத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்து ஆடும் குறும்பாஸ் ஆட்டத்தைக் கற்பித்தார். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அழகை விளக்க வேண்டியதில்லை. ஃபோர்டெரர், ஃபுக்ஸ், ஹிர்ஷ் ஆகிய மூவரையும் முன்வரிசையில் கொண்ட அந்த அணி 1910இல் ஹோல்ஸ்டைன் கீலை 1–0 என வென்று ஜெர்மன் சாம்பியன் ஆனது.

ஹிர்ஷின் பலம் இடது கால். 1912 மார்ச்சில் நெதர்லாந்துக்கு எதிராக 5–5 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் நான்கு கோல்களை அவரே அடித்தார். எஞ்சிய ஒன்று ஃபுக்ஸுடையது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல் அடித்த அதே காட்ஃபிரீட் ஃபுக்ஸ்தான், அவரும் யூதர். நாட்டுக்காக ஏழு ஆட்டங்கள் ஆடிய ஹிர்ஷ், 1914இல் ஃப்யூர்த் அணியுடன் மீண்டும் சாம்பியன் பட்டம் வென்றார். பிறகு முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் போர்முனையில் இருந்து இரும்புச் சிலுவை விருது பெற்றார். உடன்பிறந்த லியோபோல்ட் அந்தப் போரில் மாண்டார்.

என்னை மிகவும் உலுக்குவது 1933 ஏப்ரல் 10 அன்று அவர் எழுதிய கடிதம். தம் கிளப் உட்படத் தென்ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் யூதர்களை விலக்க முடிவெடுத்திருப்பதைப் பத்திரிகையில் படித்து, கனத்த மனத்துடன் தாமே விலகுவதாக அறிவித்த அவர், நாட்டுப்பற்றைச் செயலாலும் இரத்தத்தாலும் காட்டிய யூதர்களும் உண்டு என்று அதில் நினைவூட்டினார். வெளியேற்றும்வரை காத்திராத அந்தத் தன்மானத்தைவிட, அப்படியொரு விளக்கத்தைத் தம் சொந்தக் கிளப்புக்கே எழுத நேர்ந்ததுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. நாஜிகள் காலத்தில் அச்சான தேசிய வீரர்களின் தொகுப்பில் ஹிர்ஷ், ஃபுக்ஸ் இருவரும் விடுபட்டிருந்தனர்.

ஃபுக்ஸ் தப்பிக் கனடா சென்றார். ஹிர்ஷ் 1943 மார்ச் 1 அன்று நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்; வழியில் டார்ட்முண்டிலிருந்து வந்த அஞ்சலட்டைக்குப் பின் அவரைப் பற்றிய தகவல் ஏதுமில்லை. அவருடைய இரு பிள்ளைகளும் 1945இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் பிழைத்தனர். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2005 முதல் அவர் பெயரில் விருது வழங்குகிறது. அறுபது ஆண்டுகள் தாமதம் என்றே சொல்வேன்.