சுடுகாட்டு மல்லி வேண்டாம், வின்கா இருந்தால் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த நர்சரிக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, இந்த ரோஸ் கலர் பூ என்னது?”

“சுடுகாட்டு மல்லிம்மா.”

“ஐயையோ, வேணாம். அதோ அந்தத் தொட்டியில இருக்கே, அது?”

“அது வின்கா. ஹைபிரிட்.”

“அதுல நாலு குடுங்க.”

இரண்டும் ஒரே செடி. பக்கத்தில் பாட்டி யாராவது நின்றிருந்தால், “நித்தியகல்யாணிக்கா இம்புட்டு விலை?” என்று மூன்றாவது பெயரையும் போட்டு உடைத்துவிடுவார்.

மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது. வருஷம் முழுக்கப் பூப்பதால் நித்தியகல்யாணி. இலை கசப்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. விதை தானே உதிர்ந்து முளைக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். இத்தனை தகுதியும் உள்ள செடி மயானத்தில் பெருகாமல் வேறெங்கே பெருகும்? வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தது இதிலிருந்துதான். சுடுகாட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு ஆளை அங்கே போகவிடாமல் தடுக்கிறது. (அதற்காக இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், நஞ்சு.)

வம்பு என்னவென்றால், வின்கா என்று வாங்கியவர் பாசத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுவார். வேர் அழுகி, தண்டின் அடி கறுத்து, செடி தலையைத் தொங்கப் போடும். வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். கதை முடிந்தது. இதற்கு வேண்டிய மண்கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய எரு 1. தொட்டியின் அடியில் அடைபடாத துளை. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சுடுகாட்டு மல்லி என்று சொல்லியே விற்றிருந்தால் செடி பிழைத்திருக்கும்.

பத்துமணிப் பூவுக்கு வேறு வழக்கு. “மணி பதினொண்ணு ஆச்சு, இன்னும் மொட்டாவே இருக்கு” என்று புகார் வரும். அது பார்ப்பது வெயிலை, கடிகாரத்தை அல்ல. மேகமூட்டமான நாளில் திறக்காது. நிழல் விழும் பால்கனியில் என்றைக்குமே சரியாகத் திறக்காது. குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். தென் அமெரிக்கச் செடிதான், ஆனால் வியட்நாம்காரர்களும் பத்துமணிப் பூ என்றே சொல்கிறார்கள். வெயில் அங்கும் அதே வெயில். பெருக்குவது சுலபம்: 3 அங்குலத் துண்டு கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் செருகினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

காலை எட்டுக்கு வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவருக்கு இதில் ஒரு பூகூடக் கண்ணில் படாது. அவருக்கென்றே இருக்கிறது அந்திமந்தாரை. வெயில் தணிந்ததும் விரிந்து, மறுநாள் காலை வரை இருக்கும். விதையை ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். ஆனால் விதை அசல் மிளகு மாதிரி இருக்கும், நஞ்சும்கூட. காயவைக்கும் தட்டை அடுக்களைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பாவப்பட்ட செடி இட்லிப்பூதான். ஆநிரை கவரப் போன மறவர் சூடிய வெட்சி இந்த இனத்துப் பூ. இக்சோரா என்ற தாவரவியல் பெயரோ ‘ஈசுவரன்’ திரிந்து வந்தது. போர்க்களமும் கோயிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் நம் கையில் இட்லியாகிவிட்டது. கொத்தின் உருண்டை வடிவம் செய்த வேலை. இதற்குப் புளிப்பு மண்தான், அதாவது அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். உப்பேறிய போர்வெல் தண்ணீரையே ஊற்றினால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

டிசம்பர் பூ பரவாயில்லை, மாதத்தையாவது ஓரளவு ஒழுங்காகச் சொல்கிறது. ஆங்கிலேயர் அதைப் பிலிப்பைன் வயலட் என்றார்கள். அது பிலிப்பைன்ஸிலிருந்து வந்ததும் அல்ல, வயலட்டும் அல்ல.

துலுக்க சாமந்தி இன்னும் மோசம். நாம் துருக்கர் தலையில் கட்டினோம். ஆங்கிலேயர் ஒரு வகையை ஆப்பிரிக்கா மீதும் இன்னொன்றைப் பிரான்ஸ் மீதும் எழுதிவைத்தார்கள். சொந்த ஊர் மெக்சிகோ. யார் பெயரில் வாங்கினாலும், உயரமாக வளரும் வகையை நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மொட்டு வரும் நேரத்தில் கிள்ளச் சொல்கிறாரே என்று வீட்டில் சண்டை வரும். முதல் பூ சில நாள் தள்ளிப்போகும், பக்கக்கிளை கூடும்.