குறைந்த செலவில் மேடை ஒளி

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நாடகம் போடும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: கணினியால் மேடை விளக்குகளை இயக்கப் பெருந்தொகை வேண்டுமா? வேண்டாம். ஒரு பழைய மடிக்கணினி, நான்கு எல்இடி பார்கேன் விளக்குகள் (டப்பா வடிவ மேடை விளக்குகள்), யூஎஸ்பியிலிருந்து டிஎம்எக்ஸ் சமிக்ஞை, அதாவது விளக்குகளுக்கான கட்டளை, தரும் ஒரு சிறு கருவி. மென்பொருளுக்குக் கியூஎல்சி பிளஸ் இருக்கிறது; முற்றிலும் இலவசம்.

டிஎம்எக்ஸ் 1986இல் உருவான நெறிமுறை. ஒரே வடத்தில் 512 சேனல்கள், அதாவது கட்டளைத் தடங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் போகும். ஒவ்வொரு விளக்கும் 7 சேனல் எடுப்பது என்றால், முதல் விளக்குக்கு முகவரி (அதன் சேனல்கள் தொடங்கும் எண்) 1, அடுத்ததற்கு 8, பிறகு 15. இந்தக் கணக்கு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு விளக்குகளுக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகவே நிறம் மாறும். சில காட்சிகளுக்கு அதுவே வசதி!

விளக்கில் மிச்சம் பிடியுங்கள், வடத்தில் பிடிக்காதீர்கள். மைக் வடமும் செருகியில் பொருந்தும், குறுகிய தூரத்துக்கு வேலையும் செய்யும். ஆனால் உருக்கமான காட்சியில் விளக்கு துடிக்கத் தொடங்கினால் முதலில் அந்த மைக் வடத்தைத்தான் சந்தேகிப்பேன். சமிக்ஞை வடத்தின் முனையில் பட்டுத் திரும்பிக் குழப்பாமல் இருக்க, கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடை அவசியம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கி, ஒரு செருகியின் 2ஆம், 3ஆம் முள்களுக்கு இடையே பற்றவைத்து, கடைசி விளக்கின் வெளியீட்டுத் துளையில் செருகிவிடுங்கள்.