மூன்றாவது கேட்

ஏப்ரல் 17, இரவு. சிஸர்ஸ் கிராஸிங், 77ஆவது மைல்

பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில் என்ற அமெரிக்க நெடுநடைப் பாதையில் ஆறாம் நாள். மெக்சிகோ எல்லையில் கிளம்பும்போது கனடா வரை 2,650 மைல் என்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது. இப்போது நாளைய 24 மைலுக்கு மேல் யோசனை ஓடவில்லை. பேரல் ஸ்பிரிங் ஊற்று வரை வழியில் சொட்டு இயற்கைத் தண்ணீர் கிடையாது.

மத்தியானம் லிஃப்ட் கேட்டு ஜூலியன் ஊருக்குப் போய் ஆப்பிள் பை தின்றேன் (இரண்டு துண்டு, கேட்காதீர்கள்). ஆறு லிட்டர் பிடித்துக்கொண்டு திரும்பி, பாலத்தடியில் படுக்கை. மூன்று லிட்டர் பாட்டில்களில், மூன்று லிட்டர் முதுகுப்பைக்குள் இருக்கும் தண்ணீர்ப் பையில். ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ. முதுகு இப்போதே முனகுகிறது.

91ஆவது மைலில், பாதையில் வரும் மூன்றாவது கேட்டைத் தாண்டி, தன்னார்வலர்கள் தண்ணீர்க் கேன்கள் கொண்டுவந்து வைப்பார்கள். நடப்பவர்கள் அதை 'கேஷ்' என்கிறார்கள். நம் தண்ணீர்ப் பந்தல்தான், பந்தல் மட்டும் இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் அதை நம்பி மூன்றே லிட்டரோடு கிளம்பப் போகிறாராம். "காலியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கேஷை நம்பவே கூடாது" என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

ஏப்ரல் 18. சான் ஃபிலிப்பே குன்றுகள்

4.20க்கு நெற்றி விளக்கோடு கிளம்பினேன். ஏற்றம், வளைவு, மறுபடி ஏற்றம். விடிந்ததும் ஒகோடியோ செடிகள் தெரிந்தன: தரையிலிருந்து விரிந்த முள் பிரம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புப் பூ. சரிவெல்லாம் கற்றாழை. நம் வேலியோரத்து ஆனைக்கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது, சோய்யா (cholla) என்ற முள்கள்ளி கடிக்கும் வரை. உரசினால் போதும், ஒரு கணு கழன்று ஷூவில் தொற்றிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையில் ஏறும். சீப்பை அடியில் கொடுத்துச் சுண்டினேன், பறந்தது.

இந்தப் பாதையின் கொடுமை வெயில் இல்லை, மடிப்புகள். எதிரே கூப்பிடு தூரத்தில் வளைவு தெரியும். அங்கே போய்ச் சேர மலையின் மடிப்புக்குள் புகுந்து வெளியே வர வேண்டும், அரை மணி நேரம். வந்து பார்த்தால் கீழே காலையில் பார்த்த அதே சாலை.

10.30. உட்கார ஒரு பாறை நிழல் கிடைத்தது. போன் 86ஆவது மைல் என்றது. முதுகு ஜில்லென்றிருந்ததை வியர்வை என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வியர்வை ஏது? வந்த வேகத்தில் காய்ந்து உப்புக்கோடாகிவிடும். அப்போதே உறைத்திருக்க வேண்டும். பையின் மூடி மரை மாறி ஏறியிருக்கிறது. மூன்று லிட்டரில் மிச்சம் ஒரு டம்ளர். இறக்கி வைத்த இடத்தில் மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து காணாமல் போனது.

பாட்டில்களில் ஒன்றே கால் லிட்டர் இருந்தது. ஊற்றுக்கு இன்னும் 15 மைல்.

வெயிலில் நடந்தால் அது வியர்வையாகவே போய்விடும் என்று அங்கேயே கிடந்தேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் வந்தார். "தண்ணீர் இருக்கிறதா?" என்றார். காலிப் பையின் மேல் சட்டையைப் போட்டு மூடிவிட்டு, "இருக்கிறது" என்றேன். பொய் இல்லையே.

நாலு மணிக்கு எழுந்து நடந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. வேறு எதுவும் நினைவில் இல்லை, கேட்களை எண்ணியதைத் தவிர. மூன்றாவது கேட்டைத் தாண்டி, கிளைப்பாதையில் கால் மைல் இறங்க வேண்டும். அந்தக் கால் மைல் முழுக்கக் காலிக் கேன்கள்தான் கண்ணில் வந்தன.

முன்வரிசையில் கயிற்றில் கோத்த காலிகள்தான். பின்னால் நிறைந்தவை. யாரோ முகம் தெரியாதவர்கள் தூக்கிவந்து அடுக்கியது. நின்றபடியே ஒரு லிட்டர் குடித்தேன். வெந்நீர், பிளாஸ்டிக் வாசனை. அடுத்த பத்து மைலுக்கு இரண்டு லிட்டர் மட்டும் பிடித்துக்கொண்டு, நான் காலி செய்த கேனைக் கயிற்றில் கோத்தேன்.

தபால்காரர் அங்கேயே கூடாரம் போட்டிருந்தார். "கேஷை நம்பவே கூடாது, இல்லையா?" என்றார். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை.

ஏப்ரல் 19. பேரல் ஸ்பிரிங்

வழியில் கற்களால் '100' என்று எழுதியிருந்தது. படம் எடுத்தேன். கொப்புளம் இரண்டு.

ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டியில் விழுகிறது. மர நிழல் வேறு. வடிகட்டிப் பையை நிரப்பி, மூடியைத் திருகி, கிளையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பத்து நிமிஷம் ஆயிற்று. கீழே ஒரு காய்ந்த இலை வைத்திருக்கிறேன், இன்னும் நனையவில்லை.