பாஸ்டன் குடும்பத்தின் கொடிவழியைத் தேடியபோது

இங்கிலாந்துத் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது 1538-இல்தான். அதற்கு முந்தைய நிலக்கிழார் குடும்பம் என்றால், நிலம் கைமாறியபோது எழுதிய தோல் சுருள்கள்தான் துணை. ஆகவே நான் ஆளைத் தேடுவதில்லை. அவர் வைத்திருந்த மேனரை, அதாவது நிலக்கிழாரின் பண்ணையைத் தேடுகிறேன்; அது யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று பின்னோக்கிப் போகிறேன்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துப் பாஸ்டன் (Paston) குடும்பம் இதற்கு நல்ல பயிற்சி. அவர்களுடைய 15-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் தப்பியிருக்கின்றன. பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அப்படியும் குழப்பம் தீராது. 1466-இல் இறந்த ஜானின் மூத்த மகன்கள் இருவருக்குமே பெயர் ஜான். மூத்தவர் 1479-இல் மணமாகாமலே இறந்தார். சொத்து தம்பிக்குப் போனது. இருவரையும் ஒருவராக்கினால் அடுத்த தலைமுறை முழுக்கத் தவறான கிளையில் தொங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ‘இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம்’. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்சீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஜூரிகளைக் கூட்டி விசாரிப்பார்: என்ன நிலம், எப்போது இறந்தார், வாரிசு யார், வயது என்ன? லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆறாம் ஹென்றி காலத்தவை சி 139, நான்காம் எட்வர்டு காலத்தவை சி 140 என்ற வரிசைகளில் இருக்கின்றன. அச்சான ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் அதை முதலில் படித்துவிட்டு லத்தீன் மூலத்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வயதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. ஆண் வாரிசுக்கு 21 நிறைந்ததா என்பதே அரசுக்கு முக்கியம். நிறையாவிட்டால் காப்பாளர் உரிமை அரசருக்கு. அதனால் ‘30-உம் அதற்கு மேலும்’ என்றால் ‘வயது வந்தவர்’ என்றுதான் கொள்ள வேண்டும். ஒரே மரணத்துக்கு இரண்டு மாவட்ட ஜூரிகள் வேறு வேறு தேதி சொல்வதும் உண்டு. நிலத்தை முன்கூட்டியே நம்பிக்கையாளர்கள் பெயரில் மாற்றிவைத்தவர்களுக்கு விசாரணையில் ‘எதுவும் இல்லை’ என்றே வரும். சொத்தில்லாதவர் என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

அங்கே நூல் அறுந்தால், நிலம் கைமாறியதை நீதிமன்றத்தில் பதிந்த உடன்படிக்கைகளான ‘ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்’ (சிபி 25/1 வரிசை). உடன்படிக்கையை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைந்த கோட்டில் வெட்டி, அடித்துண்டை அரசு வைத்துக்கொண்டது. கணவனோடு மனைவி பெயரும் வந்தால் அது அவள் பிறந்த வீட்டு நிலமா என்று பார்க்க வேண்டும்.

தாய் யார் என்பதுதான் இதில் கடினமான கேள்வி. விசாரணை ‘மகன்’ என்று சொல்லும், எந்த மனைவியின் மகன் என்று பெரும்பாலும் சொல்லாது. வாரிசுப் பெண்ணுக்குக் குழந்தை உயிரோடு பிறந்திருந்தால், அவள் இறந்தாலும் கணவன் ஆயுள்வரை அவள் நிலத்தை அனுபவிக்கலாம். பிறகு அது அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். அவள் பிறந்த வீட்டுப் பங்காளிக்குப் போனால் அவள் வழியில் யாரும் மிஞ்சவில்லை என்று பொருள். 1466-இல் இறந்த ஜானின் மனைவியும் 1484-இல் இறந்தவருமான மார்கரெட் மாட்பியின் பிறந்த வீட்டு நிலம் இளைய ஜானுக்குப் போனது இந்த வகைச் சான்று.

தேதிகள் ஆட்சியாண்டில், அதாவது அரசர் ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து எண்ணும் ஆண்டில், இருக்கும். நான்காம் எட்வர்டின் 6-ஆம் ஆண்டு 1466 மார்ச் 4-இல் தொடங்குகிறது; அந்த ஆண்டின் பிப்ரவரி நமக்கு 1467. அன்று புத்தாண்டு மார்ச் 25 என்பதால், வெறும் ‘1466 பிப்ரவரி’ என்றிருந்தாலும் அதே திருத்தம்தான்.

உயில்களைக் கடைசியில் பார்க்கிறேன். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்ற உயில்கள் (ப்ராப் 11) 1384 முதல் உண்டு. முன்பே பங்கு வாங்கிப் பிரிந்த பிள்ளைகள் அதில் விடுபட்டிருக்கலாம்.

1530 முதல் 1688 வரை ஹெரால்டுகள் (குலச்சின்ன உரிமையைச் சரிபார்க்கும் அரச அதிகாரிகள்) மாவட்டம் மாவட்டமாகப் போய்த் தொகுத்த வம்சாவளிகளில், கடைசி இரண்டு மூன்று தலைமுறை ஓரளவு நம்பத்தக்கது. மேலே போகப் போகப் பெருமைதான். பாஸ்டன்கள் நார்மன் படையெடுப்புக் காலம்வரை முன்னோர்களைக் காட்டி, 1466-இல் அரசரையே ஏற்கவைத்தார்கள். எதிரிகள் எழுதிவைத்த குறிப்போ வேறு கதை சொல்கிறது: 1419-இல் இறந்த கிளெமென்ட் நூறு, நூற்றிருபது ஏக்கர் உழுத குடியானவர், மகன் வில்லியம் சட்டம் படித்தது தாய்மாமன் உதவியில். அதிலும் பகை கலந்திருக்கிறது. கிளெமென்ட்டுக்கு மேலே சேர்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் தனி ஆவணம் கேட்டு, கிடைக்காத இடத்தில் புள்ளிக்கோடு போட்டு நிறுத்திவிடுகிறேன்.