இருபத்தெட்டாவது கேள்வி

ஜனவரி 20, திங்கள்

பேசக் கூடாது. பத்து நாள். குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாதாம், அது இன்னும் கெடுதல் என்கிறார் டாக்டர். மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண் இரண்டிலும் எதிரெதிரே ஒரு முடிச்சு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு காய்க்குமே, அந்த மாதிரிதானாம். வலது பக்கத்தது மட்டும் பெரிது. "இது வேற மாதிரி தெரியுது, பாப்போம்" என்றார். 'பாப்போம்' என்றால் என்ன என்று நான் கேட்க முடியாது. இவர் கேட்டிருக்கலாம். இவர் பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" ஒற்றை விரலைக் காட்டினேன். ஒரு பாட்டில். எங்கள் பள்ளிக் கழிப்பறையை அவர் பார்த்ததில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

எல்லோரும் லீவு போடச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு ஏப்ரல் 2 ஆங்கிலம். பள்ளியில் ஆங்கிலத்துக்கு நான் ஒருத்திதான். "நீங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும் டீச்சர்" என்றார் ஹெச்.எம். பாராட்டுகிறாரா, தெரியவில்லை.

கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பெஞ்சு மட்டும் தலையாட்டியது. அழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்: எனக்குத் தொண்டை சரியில்லை. நான் பேச மாட்டேன். நீங்கள்தான் பேச வேண்டும்.

46 பேரும் பத்து நிமிடம் மூச்சு விடவில்லை. பதினோராவது நிமிடம் சந்தைக்கடை.

ஜனவரி 22, புதன்

சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு தட்டும் கரண்டியும் வாங்கி வந்திருக்கிறேன். டஸ்டரைவிட நன்றாகக் கேட்கிறது.

ஜனவரி 23, வியாழன்

மனப்பாடப் பாடல். ஐந்து மதிப்பெண், விடக் கூடாத ஐந்து. வழக்கமாக நான் ஒரு வரி சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இன்று சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொருவரும் அவரவர் நோட்டைப் பார்த்து வாசித்தார்கள். பெஞ்சு பெஞ்சாகப் போய் எட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் பாடலை முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய செய்தி இல்லை, எல்லா வருடமும் நடப்பதுதான். ஆனால் எழுதியிருப்பதை உட்கார்ந்து வாசித்ததில்லை. 'அன்ரிலக்டன்ட்' என்று ஒரு சொல். ஒருத்தி 'அன் ரிலாக்ஸ்டன்' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் 'ஆண்டி லெக்டன்'. இது என் வாயிலிருந்து அவர்கள் காதில் விழுந்த ஆங்கிலம். பதினேழு வருடமாக மின்விசிறிக்கும் அடுத்த வகுப்புக் கணக்கு வாய்ப்பாட்டுக்கும் மேலே கத்தியது இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அர்த்தம் எழுதிப் போட்டேன்: தயங்காத. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்." சொன்னேனே. ஜூன் மாதத்தில்.

ஜனவரி 25, சனி

சிறப்பு வகுப்பு மதியம் வரை. வீட்டுக்கு வந்து திருப்புதல் தேர்வுத் தாள்கள்.

28ஆம் கேள்வி கட்டாயம் எழுத வேண்டியது, இரண்டு மதிப்பெண். சின்ன வரைபடம் ஒன்று கொடுத்து, வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வங்கிக்கு எதிரே இருக்கிறது. நாலு வரி. மெல்லக் கற்போருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். இதற்கும் பூஜ்ஜியம் வாங்குகிறவனை என்ன செய்வது?

கடைசி பெஞ்சுக்காரன் எழுதியிருப்பது: கோ ஸ்ட்ரெய்ட். டாக் ஈஸ் தேர். டோன்ட் ரன். டர்ன் லெஃப்ட் அய்யனார் கோயில். ஆஸ்க் மை நேம்.

படத்தில் இருப்பது தபால் நிலையம், பூங்கா, பேருந்து நிறுத்தம். நாயும் இல்லை, அய்யனாரும் இல்லை. பூஜ்ஜியம் போட்டேன். மொத்தம் 19. தேர்ச்சிக்கு இன்னும் 16.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். எட்டாம் வகுப்புப் பிள்ளை மைக்கில் ஆங்கிலத்தில் பேசினாள். 'ரெஸ்பெக்டட்' என்பதை இழுத்து இழுத்துச் சொன்னாள். நான் அப்படியா இழுக்கிறேன்?

ஜனவரி 28, செவ்வாய்

தாரிணி பாடம். கடற்படைப் பெண்கள் ஆறு பேர் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தது. 2017 செப்டம்பரில் கோவாவில் கிளம்பி அடுத்த வருடம் மே மாதம் திரும்பினார்கள், 254 நாள். வாசித்து முடித்ததும் வழக்கமான கேள்விகளைப் பலகையில் எழுதத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒருத்தி: "254 நாளும் அதே ஆறு பேருன்னா சண்டை வந்திருக்காதா டீச்சர்?"

கைடில் இல்லாத கேள்வி. ஆங்கிலத்தில் சொல் என்று சைகை காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "டே அண்ட் நைட் சேம் சிக்ஸ் பீப்பிள். மஸ்ட் ஃபைட், டீச்சர்." வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது, முக்கால்வாசி தமிழில். நான் தட்டைத் தட்டவில்லை.

பேச முடிந்திருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். 'முதல்ல புக்ல இருக்கறதப் படி.'

ஜனவரி 29, புதன்

வலது பக்கம். வலது பக்கம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலது பக்கம்.

ஜனவரி 30, வியாழன்

கடைசி பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தேன். அந்த விடைத்தாளையும் காட்டினேன். திட்டுவேன் என்று நினைத்திருப்பான், திட்ட முடியாது என்பது ஞாபகம் வந்து சிரித்தான். பள்ளியிலிருந்து அவன் வீடு வரை வரைந்தான். கண்மாய்க்கரை, பிரிவு ரோடு, டீக்கடை, ரேஷன் கடை, அய்யனார் கோயில், கோயிலுக்கு முன்னால் நாலு காலோடு ஒரு நாய். அளவு தப்பாத படம். டீக்கடை 'நியர்' பஸ் ஸ்டாப் இல்லையாம், 'ஆப்போசிட்'டாம். முதல் பெஞ்சுக்காரி சொன்னதைத் திருத்தினான். அவனுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

நாயைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "டாக் ஈஸ் ரியல் டீச்சர்" என்றான்.

இரவு தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வழி தெரியாதவருக்குச் சொல்ல வேண்டியதை அவன் சொல்லியிருக்கிறான், ஓடாதே என்பது உட்பட. விடைக்குறிப்பின்படி பூஜ்ஜியம்தான். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்தப் போகிறவருக்கு அய்யனாரைத் தெரியாது. ஏப்ரல் 2 அன்று அந்த நாயை அவன் மறந்தாக வேண்டும். மறக்க வைப்பதுதான் என் வேலை. சம்பளம் அதற்குத்தான்.

ஜனவரி 31, வெள்ளி

மதுரை. இடது பக்கம் வற்றியிருக்கிறது. வலது அப்படியே. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். 12ஆம் தேதி. அதுவரை பேச்சு இல்லை.

இந்த முறை இவர் எல்லாம் கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

கடைசி பெஞ்சு காலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலி. "கதிரறுக்கிற மெஷினோட போயிருக்கான் டீச்சர். டிரைவர் வெளியூர்க்காரரு, அவருக்கு வழி தெரியாது. இவன்தான் முன்னாடி உக்காந்து வழி சொல்றான். ஐந்நூறு ரூபா."

ஒரு நாளைக்கா என்று கையால் கேட்டேன். ஆமாம், ஒரு நாளைக்கு.

பிப்ரவரி 5, புதன்

பிழை திருத்தும் பகுதி. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்றால் கடைசியில் 'ஸ்' வர வேண்டும். நாற்பது பேர் சரியாகப் போட்டிருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

பிப்ரவரி 6, வியாழன்

அவன் அப்பா எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி போட்டேன். நீல டிக் வரவில்லை. இவரைப் பேசச் சொன்னேன். "டீச்சர் வீட்டுக்காரர் பேசறேன்" என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் என்ன புரிந்துகொண்டார்களோ, "பணம் அடுத்த வாரம் தர்றோம் சார்" என்று வைத்துவிட்டார்கள். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்தது. சத்தமில்லாமல் சிரிப்பது கஷ்டம், வயிறு வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனேன். இவரிடம் சொல்லவில்லை.

விடைத்தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நேராக. நாய் இருந்தது. கறுப்பு, ஒரு காது மடிந்தது. ஓடவில்லை. அய்யனார் கோயிலில் இடது பக்கம் திரும்பினேன். மூன்று தெரு பிரிகிறது. அங்கேதான் 'ஆஸ்க் மை நேம்'.

திண்ணையில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவன் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினேன். "எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி" என்றார். வாயைத் திறந்தேன். இருபது நாளுக்குப் பிறகு ஒரே ஒரு பெயர். வெறும் காற்றுதான் வந்தது. பாட்டி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பாவம் வாய் பேச வராது போல என்று அவரே முடிவு செய்துகொண்டார். பிறகு அவரும் பேசுவதை நிறுத்திவிட்டார். உயரம் காட்டி, தலைமுடியைக் கலைத்துக் காட்டி, சட்டையின் மேல்பட்டனைத் திறந்து காட்டி நான் கேட்க, அவர் தலையாட்டினார். கையாலேயே சொன்னார்: நேராக. இடது. பச்சைக் கதவு என்பதற்கு வெற்றிலையைத் தூக்கிக் காட்டினார்.

பச்சைக் கதவில் பூட்டு தொங்கியது. 28ஆம் கேள்வி மட்டும் வெளியே தெரியும்படி விடைத்தாளை மடித்து, கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். பூஜ்ஜியத்தை அடித்து 2 போட்டிருக்கிறேன். மொத்தத்தைத் திருத்தவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், பள்ளி இல்லை. பட்டியல் எழுதி முதல் பெஞ்சுக்காரி வீட்டில் கொடுத்தாயிற்று: புதன் மனப்பாடப் பாடல், வியாழன் கடிதம், வெள்ளி வரைபடம். தட்டும் கரண்டியும் பீரோவின் கீழ்த்தட்டில்.

நாளைக் காலை ஏழு மணிக்கு. தண்ணீர்கூடக் குடிக்காமல் வர வேண்டுமாம்.