வேறு கம்பெனி பாயின்ட் போடலாமா?

மாடல் ரயில் லேஅவுட்டில் ஒரு பாயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் போடும் தண்டவாளத் துண்டு) போய்விட்டால் அதே கம்பெனியின் அதே மாடலை வாங்கி மாட்டுவதுதான் உத்தமம். ஆனால் அந்த மாடலின் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், அல்லது யாரோ கொடுத்த பழைய லேஅவுட், என்ன கம்பெனி என்றே தெரியவில்லை என்றால் வேறு ஒன்றைத்தான் போட்டாக வேண்டும். தாராளமாகப் போடலாம். (நடுவில் ஸ்டட் வைத்த மார்க்லின் மூன்று தண்டவாள முறை தனி உலகம், அதை இதில் சேர்க்கவில்லை.) என் வருத்தமெல்லாம் கவலைப்படும் வரிசையைப் பற்றித்தான். எல்லோரும் தண்டவாள உயரத்தைப் பார்த்து முதலில் பயப்படுகிறார்கள், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள், கரண்ட் விஷயத்தை யோசிப்பதே இல்லை.

முதலில் கோணம். அமெரிக்க பாயின்ட்களில் வரும் எண், கிளை எவ்வளவு மெதுவாக விலகுகிறது என்பதைச் சொல்வது. எண் 6 என்றால் 6 அளவு முன்னே போகும்போது 1 அளவு விலகும், கோணம் சுமார் 9.5 டிகிரி. அந்தக் கணக்குப்படி எண் 4-க்கு 14 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும், ஆனால் அட்லஸ் கம்பெனியின் கஸ்டம் லைன் எண் 4-ஐ அளந்தால் 12.5 டிகிரிதான், அதாவது உண்மையில் அது நாலரை. பீகோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் கோட் 100, கோட் 75 வகைகளில் (கோட் என்பது தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) சிறியது, நடுத்தரம், பெரியது மூன்றுக்குமே 12 டிகிரி, நீளமும் வளைவின் ஆரமும்தான் மாறும். அதே பீகோவின் செட்டிராக் 22.5 டிகிரி! ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த லட்சணம்.

அட்லஸ் எண் 4 இருந்த இடத்தில் ஸ்ட்ரீம்லைன் வைத்தால் வித்தியாசம் அரை டிகிரி, 30 சென்டிமீட்டர் தள்ளிப்போய்ப் பார்த்தாலும் 2.6 மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும், வளைத்துப் போடும் ஃபிளெக்ஸ் டிராக் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 12 டிகிரி இருந்த இடத்தில் எண் 6-ஐ வைத்தால் அதே தூரத்தில் 13 மில்லிமீட்டர், கிளைப் பாதையைப் பிரித்துத் திரும்பப் போட வேண்டியதுதான். இரண்டு இணைப் பாதைகளை இணைக்கும் கிராஸ்ஓவரில் ஒன்றை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். அப்போதும் பாதைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இடிக்கும், ஸ்ட்ரீம்லைனுக்கு அது 50.8 மில்லிமீட்டர், செட்டிராக்குக்கு 67. பீகோ தன் பாயின்ட்களின் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது, அளவு மாறாமல் பிரிண்ட் எடுத்து லேஅவுட் மேல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.

அடுத்தது கரண்ட், என்னைக் கேட்டால் இதுதான் ஆளை அலைக்கழிப்பது. பாயின்ட்டில் இரண்டு உள் தண்டவாளங்கள் சந்திக்கும் V வடிவ முனைக்கு ஃபிராக் என்று பெயர். அது பிளாஸ்டிக்காக இருக்கும் பீகோ இன்சுல்ஃபிராக், உலோகமாக இருக்கும் எலெக்ட்ரோஃபிராக் இரண்டுமே பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பாதைக்குத்தான் கரண்ட் அனுப்பும். அட்லஸில் இரண்டு பாதைகளிலும் எப்போதும் கரண்ட் இருக்கும். சாதாரண டிசி லேஅவுட்டில் சைடிங்கில் (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் கிளைப் பாதையில்) ஒரு எஞ்சினை நிறுத்தி, பாயின்ட்டைத் திருப்பிவிட்டு, மெயின் லைனில் இன்னொன்றை ஓட்டுகிற பழக்கம் இருக்கிறதல்லவா? பீகோவை எடுத்துவிட்டு அட்லஸை வைத்த அன்று, மெயின் லைனுக்கு கன்ட்ரோலரைத் திருப்பியதும் சைடிங்கில் நிற்கிற எஞ்சினும் சேர்ந்து கிளம்பும். சைடிங்கின் ஒரு தண்டவாளத்தை வெட்டி ஸ்விட்ச் போட்டால்தான் நிற்கும்.

அட்லஸை எடுத்துவிட்டு பீகோவை வைத்தால் வேறு தொல்லை. எலெக்ட்ரோஃபிராக்கில் ஃபிராக் முழுக்க உலோகம், பாயின்ட் திரும்பும்போது அதன் துருவமும் மாறும். ஃபிராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (கரண்ட்டைக் கடத்தாத தண்டவாள இணைப்பு) போடாமல், அதற்கு அப்பால் கரண்ட் கொடுக்கும் ஃபீடர் வயரும் கொடுத்திருந்தால் பாயின்ட்டைத் திருப்பிய நொடியில் ஷார்ட். இன்சுல்ஃபிராக்கில் அந்தப் பயம் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் ஃபிராக்கின் மேல் குட்டி ஷன்டிங் எஞ்சின் நின்றே போகும், பிளாஸ்டிக் முடிகிற இடத்தில் அகலமான சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் டிசிசியில் (டிஜிட்டல் முறையில் எஞ்சின்களை ஓட்டும் லேஅவுட்டில்) ஒரு மின்னல் ஷார்ட் வரும். அந்த முனையில் நெயில் பாலிஷ் தடவுவது பழைய வைத்தியம், தேய்ந்தால் திரும்பத் தடவ வேண்டும்.

தண்டவாள உயரம் சின்ன வேலை. கோட் 100 என்றால் 2.54 மில்லிமீட்டர், கோட் 83 சுமார் 2.1, கோட் 75 சுமார் 1.9. இதற்கென்றே விற்கிற ஜாயினர் கிடைக்கவில்லை என்றால் கோட் 100 ஜாயினரைப் பாதி வரை உயரமான தண்டவாளத்தில் ஏற்றி, மீதிப் பாதியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கி, அதன் மேல் சின்னத் தண்டவாளத்தை வைத்து சோல்டர் செய்யுங்கள். மேல்பரப்பும் உள்பக்க விளிம்பும் நேராக வர வேண்டும், வெளிப்பக்கம் எப்படிப் போனாலும் சக்கரத்துக்குத் தெரியாது. நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்லீப்பரின் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அடியில் அட்டை வைத்தால் சரி.

பாயின்ட்டைத் திருப்பும் மோட்டாரையும் பார்த்துவிடுங்கள். பீகோவில் ஸ்ப்ரிங் இருப்பதால் கையால் தள்ளினாலே பிடித்துக்கொள்ளும், அட்லஸில் அது கிடையாது, மோட்டாரோ லீவரோ பிடித்தாக வேண்டும். டார்டாய்ஸ் மாதிரி மெதுவாக ஓடும் மோட்டார் போடுகிறவர்கள் பீகோவின் ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிடுவார்கள். கேட்டோ கம்பெனியின் மோட்டார் இரண்டு வயரில் துருவத்தை மாற்றி வேலை செய்வது, பீகோ, அட்லஸுக்கு இரட்டைக் கம்பிச்சுருள், மூன்று வயர். பழைய பட்டன் அப்படியே வேலை செய்யாது.

இவ்வளவும் முடிந்தாலும் உடனே ஜல்லி கொட்ட வேண்டாம். உங்களிடம் இருக்கிறதிலேயே நீளமான கோச்சை எஞ்சினுக்கு முன்னால் வைத்துப் பின்னாலிருந்து தள்ளி, இரண்டு பாதையிலும் விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது ஒழுங்காகப் போகிற கோச்சும் தள்ளும்போது தடம்புரளும்.