ஜூலை வெயிலுக்குக் கோத்தகிரி

ஜூலையில் நீலகிரி என்றால் மழையும் பனிமூட்டமும்தான் என்று பலரும் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஊட்டிக்கு அது பொருந்தும். கோத்தகிரிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மலை ஒன்று, ஆனால் அதற்கு மழைக்காலம் இரண்டு. இது தெரிந்துவிட்டால், குடும்பத்தோடு இரண்டு நாள் வெயில் காய ஜூலையிலும் ஆகஸ்டிலும் வழி உண்டு.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து ஏறுகிறது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் அதன் முகத்தில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். இறங்க இறங்கக் காற்று சூடாகும், மேகம் கலையும். அந்தக் கிழக்குச் சரிவில்தான் சுமார் 1,800 மீட்டரில் கோத்தகிரி இருக்கிறது. அக்டோபர் பிறந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம்தான் அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, மண்சரிவில் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆகவே நவம்பரில் வெயில் தேடி இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

எந்த வாரம் கிளம்புவது என்பதைப் புதன், வியாழனில் முடிவு செய்யுங்கள். மேற்குக் கடற்கரையில் கனமழை எச்சரிக்கை இருந்தால் கோத்தகிரியிலும் காற்றும் தூறலும் எட்டிப் பார்க்கும். கேரளத்தில் நான்கைந்து நாளாக மழை ஓய்ந்திருந்தால் அதுதான் தருணம். அப்படிப்பட்ட நாள்களில் காலை பளிச்சென்று விடியும், மாலையில் இடிமழை வரலாம். வெளியே பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, வேண்டும். இது 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் நடைமுறை. வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டால் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் நிற்க வேண்டியிருக்காது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர், குன்னூர் வழியாகச் சுற்ற வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டிலே நல்லது.

மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரலாம், காலையில் எண்ணெய்ச் சாப்பாடு அதைக் கூட்டும். பூரி, எண்ணெய் தோசை வேண்டாம். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. ஜன்னலைத் திறந்து, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காது அடைத்தால் புளிப்பு மிட்டாய் சப்பினால் போதும், எச்சில் விழுங்கும்போது திறந்துகொள்ளும்.

முதல் நாள் மதியத்துக்குள் அறைக்குப் போய்விட்டால் முதல் வேலை கம்பளிகளை வெயிலில் போடுவது. மழைக்காலத்தில் மலை வீட்டுப் படுக்கைகளில் ஈர வாடை இருக்கும். வெயில் கண்ட அன்று ஊரே வேலியிலும் கொடியிலும் துணி காயப்போட்டிருக்கும், அதைப் பார்ப்பதே ஓர் அழகு. மூன்று, மூன்றரைக்குள் எடுத்துவிடுங்கள். விட்டால் மூட்டம் இறங்கி மறுபடி ஈரமாகும். பாட்டி தாத்தா கூட வந்திருந்தால் இதை மறக்கவே கூடாது, இரவுக் குளிரில் அவர்களுக்குத் தூக்கம் வருவதும் வராததும் இந்தக் கம்பளியில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். ஏழரைக்குக் கிளம்பினால் நல்லது, பத்துக்கு மேல் போனால் பல நாள் வெள்ளைத் திரைதான். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகிவிடும். தெளிவாக இருந்தால் கீழே மாயாறு நூல் போலத் தெரியும், அதன் கரையில் தெங்குமரஹடா கிராமம், அதற்கப்பால் பவானிசாகர் நீர்ப்பரப்பு. இந்த மலையில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் பார்க்கச் சொல்வோம்.

குளிர் இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் சுடும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். பிள்ளைகளுக்குத் தொப்பி போடுங்கள், மூக்கு நுனியிலும் பின்கழுத்திலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். தோல் கன்றியது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். தயிர்சாதத்தில் பாதிக்கு மேல் பால் ஊற்றிப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது. அங்கேயே சமைப்பதானால் குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கும். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்ந்தால் வண்டியிலேயே இருங்கள். சாதுவாகத்தான் நிற்கும், குறுக்கே போனால் முட்டும்.

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக்காட்டுக்குள் போகிறவர்கள் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே சருகு ஈரமாக இருக்கும், அட்டை ஏறும். ஏறிவிட்டால் இழுக்காமல் உப்பு வைத்தால் தானே விழும்.

திரும்பும்போது நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்கினால் தகர டப்பாவில் மூடிக் கொண்டுவாருங்கள், ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும். மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் தட்டு கோணிவிடும்.